பின் டயருக்கு மேலே

டயர் வழுக்கினால் ஓட்டுகிறவளுக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் நான் பின் டயருக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் ஒரு சீட்டும் கொஞ்சம் தகரமும் இரண்டு ஸ்பிரிங்கும்தான், சாலையில் ஒரு கூழாங்கல் புரண்டால்கூட அது என் இடுப்பெலும்புக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போகிறது. குமுதவல்லி சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இவளிடம் நான் அதிகம் பார்த்தது முகத்தையா முதுகையா என்று யாராவது கேட்டால் முதுகு என்றுதான் சொல்லவேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த முதுகுக்கு நான் தைத்த துணி எத்தனையோ, தோள்பட்டையில் இழுக்காமல், குனியும்போது ஏறாமல், வண்டி ஓட்டுகிறவளுக்கென்று வெட்டித் தைத்தவை, இப்போது போட்டிருக்கும் இந்த நீலச் சுடிதாரும் அப்படித்தான். மேலே போய் மாற்றிக்கொள்ள ஒரு பட்டுப்புடவை பையில் இருக்கிறது, பை என் மடியில் இருக்கிறது. திருப்பத்தூரில் எங்கள் தெருவில் இன்றைக்கும் காலையில் கிளம்பும்போது டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பொண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் பையை வைத்துக்கொண்டு போகிறான் என்று. பார்க்கட்டும். சின்ன வயதில் அம்மை வந்து எனக்கு இடதுகண் போய்விட்டது, ஒற்றைக் கண்ணுக்கு எது பக்கம் எது தூரம் என்று சரியாகப் பிடிபடாது, ஊசியில் நூல் கோர்க்க அது போதும், எதிரே வருகிற லாரியைக் கணக்குப் போட அது போதாது. அதனால் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் தெருவில் சிரிக்கிறவர்களிடம் கண்ணைக் காரணமாகச் சொன்னதும் இல்லை, எனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்திருந்தாலும் நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், அது முழு உண்மையா என்று தெரியாது, சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும்.

ஜவ்வாது மலைக்கு ஏறுகிற சாலை தொடங்கிவிட்டது. முதல் வளைவு. அவள் கியரைக் குறைக்கிறாள், வண்டி ஒரு முறை முனகிவிட்டு ஏறுகிறது, என் உடம்பு தானாக அவள் சாய்கிற பக்கம் சாய்கிறது, சாய்ந்த உடனே அந்தச் சொல் வந்துவிடுகிறது. உயிர் இல்லை. ரப்பரில் உயிர் இல்லை. நேற்றுச் சாயங்காலம் பஞ்சர் கடை அன்சர் பாய் சொன்ன சொல். காற்று அடிக்கத்தான் போனோம். வண்டியை வெளியே எடுத்துப் பல வருஷமாயிற்று என்றதும் பாய் காற்றடிக்கிற குழாயை ஓரமாக வைத்துவிட்டுப் பின் டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நான் பெருமையாகத்தான் சொன்னேன், புது டயர் பாய், போட்டு ஓட்டவே இல்ல, பட்டன் அப்படியே இருக்கு பாருங்க. பட்டன் அப்படியேதான் இருந்தது, ஒன்றுகூடத் தேயாமல், வெட்டு வெட்டாக, நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்துத் துடைத்துக் கறுப்பாகப் பளபளவென்று வைத்திருந்தேன். பாய் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். நகம் இறங்கவில்லை. பிறகு பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார், உள்ளே வறண்ட ஏரியில் மண் வெடிப்பதுபோல மெல்லிசாகக் கோடு கோடாக வெடித்திருந்தது. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணையும் காட்டினார், எந்த வருஷம் செய்தது என்று அதிலேயே இருக்குமாம், நான் இத்தனை நாள் அதைத் துடைத்திருக்கிறேனே ஒழியப் படித்ததில்லை.

"பட்டன் இருக்குது சார். ரப்பர்ல உசுரு இல்ல," என்றார் பாய். "காஞ்ச ரோட்டுல நேரா போனா ஒண்ணும் தெரியாது. ஈரத்துல வளைச்சா புடிக்காது. ஓடித் தேய்ஞ்ச டயரு பார்த்தாலே சொல்லிடும், நான் முடிஞ்சிட்டேன்னு. இது சொல்லாது."

"மாத்திடுங்க பாய்," என்றாள் குமுதா.

"இந்த சைஸ் இப்ப கடையில இல்லம்மா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமைதான் வரவழைக்க முடியும்."

குமுதாவும் ஒருமுறை குந்தி நகத்தால் அழுத்திப் பார்த்தாள். மழை பெய்து மூன்று நான்கு நாளாகிறது, ரோடு காய்ந்துதான் இருக்கும், மெதுவாகப் போய் மெதுவாக வந்துவிடலாம், வந்ததும் மாற்றிவிடலாம் என்றாள். பாய் என்னைப் பார்த்தார். நான் குமுதாவைப் பார்த்தேன். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டினேன், இத்தனை வருஷமும் சரியாகத்தானே இருந்தது.

எனக்கு அது துணியாகத்தான் புரிகிறது. ரப்பரைப் பற்றி எனக்கென்ன தெரியும், துணியைப் பற்றித் தெரியும். பெட்டிக்கு அடியில் மடித்துப் போட்ட பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு வருவார்கள், கட்டவே இல்லை மாஸ்டர், புதுசு, இதில் பாப்பாவுக்குப் பாவாடை தைத்துக்கொடுங்கள் என்று. பார்த்தால் புதுசுதான், நிறம் மங்கியிருக்காது, ஜரிகை மின்னும். மேசைமேல் விரித்து ஒரு உதறு உதறினால் மடித்த மடிப்பு வழியே பிளந்துகொண்டு போகும். கட்டித் துவைத்துக் காயவைத்த புடவை அப்படிப் போகாது, அது கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, நைகிறேன் நைகிறேன் என்று சொல்லிக்கொண்டே போகும். சும்மா இருந்ததுதான் சொல்லாமல் போகும். குமுதாவை மலையிலிருந்து வேலூர் அலுவலகத்துக்கு மாற்றியதற்குக் கொஞ்சம் முன்னால் போட்ட டயர் இது. மாற்றல் வந்தபின் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாள், வண்டி வீட்டுப் பக்கத்துச் சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. விற்றுவிடலாமா என்று யாராவது கேட்டால் அவள் பதில் சொல்லமாட்டாள், நான் சொல்வேன், இல்லை என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சநேரம் ஓடவிட்டு, துடைத்து வைப்பேன். ஓட்டத் தெரியாதவன் ஒரு வண்டியை அவ்வளவு நன்றாக வைத்திருந்தது எங்கள் தெருவில் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும். இப்போது அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். போன வாரம் மலையிலிருந்து சின்னாண்டி வந்தார், அத்திவாசல்காரர், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உட்காரச் சொன்ன பிறகும் நின்றார். அத்திவாசலில் கால்நடை மருந்தகத்துக்குக் கட்டடம் கட்டிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை திறப்பு, யாரோ பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டுவார், வெட்டட்டும், ஆனால் முதல் மாட்டை உள்ளே ஓட்டிக்கொண்டு வரும்போது டாக்டரம்மா நிற்கவேண்டும் என்று ஊரே சொல்கிறது என்றார். குமுதா வழக்கம்போல, நான் டாக்டர் இல்லங்க, கால்நடை ஆய்வாளர்தான் என்றாள். அவர் வழக்கம்போல அதைக் காதில் வாங்கவில்லை. போகும்போது வாசலில் திரும்பி, "அந்த வண்டியிலதான் வரணும்மா. சத்தம் கேட்டு ஜனங்க வெளிய வருவாங்க," என்றார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் பஸ்ஸை விட்டுவிட்டு இதில் ஏறியிருக்கிறோம். எனக்கும் ஆசைதான். அவளைவிட எனக்கு அதிக ஆசை என்றுகூடச் சொல்லலாம், அத்திவாசல் தெருவில் எல்லோரும் வாசலில் நிற்க, இந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் உள்ளே போகவேண்டும்.

வளைவு. சாய்கிறோம். நிமிர்கிறோம். காய்ந்த சாலைதான், அவள் சொன்னது சரி. கீழே ஊர் சின்னதாகிக்கொண்டே போகிறது, காற்றில் குளிர் வந்துவிட்டது, சந்தன வாடையா வேறு ஏதாவது மரமா தெரியவில்லை. முன்பெல்லாம் இதே சாலையில் அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு அலுமினியக் குடுவை இருக்கும், உள்ளே புகைகிற திரவ நைட்ரஜனில் காளையின் உறைவிந்துக் குச்சிகள், விடுமுறை நாளில் அவளோடு வந்தால் அதை அணைத்துப் பிடித்துக்கொள்வது என் வேலை. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற பெண்ணையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று, பெண் பார்த்துவிட்டு வரும்போது பஸ்ஸிலேயே என் பெரியப்பா கேட்டார், அந்த வார்த்தையைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கு இல்லை. சின்னாண்டி வீட்டு மாடு கன்று போட்ட அன்றைக்குப் பெரியப்பாவைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கவேண்டும். மத்தியானம், நல்ல மழை, கன்றுக்குட்டி உள்ளே திரும்பிக் கிடந்தது, கால் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது, மாடு கத்திக் கத்தி ஓய்ந்து படுத்துவிட்டது. டாக்டரைக் கூட்டிவர ஆள் கீழே போயிருந்தது, ரோட்டில் மரம் விழுந்து டாக்டரின் ஜீப் வரமுடியவில்லை. குமுதா சுடிதார் கையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் படுத்து, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டாள். அவள் முகம் என் பக்கம் இருந்தது, கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை, கையால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு முக்கும்போது உள்ளே அவள் கை நசுங்குவது அவள் உதட்டில் தெரிந்தது. கன்று வெளியே வந்து விழுந்தபோது மூச்சில்லை. வைக்கோலால் தேய்த்தாள், மூக்கைத் துடைத்தாள், பின்னங்காலைப் பிடித்துத் தூக்கச் சொன்னாள், நானும் சின்னாண்டியும் தூக்கினோம், துடைக்கத் துணி இல்லை என்று என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன், நானே தைத்த பாப்ளின் சட்டை. கன்று தும்மியது. சின்னாண்டி அந்த மழையில் அவளைப் பார்த்துக் கும்பிட்டார், அவள் கையை உதறிக்கொண்டு, சீம்பால் குடிக்கவிடுங்க முதல்ல, என்று அதட்டினாள். அன்றைக்குத் திரும்பும்போது சட்டையில்லாமல் அவள் பின்னால் உட்கார்ந்து இந்த மலையை இறங்கினேன், மழை முதுகில் ஊசியாகக் குத்தியது, ராஜா மாதிரி இருந்தது எனக்கு.

என்ன அது. சாலை கறுப்பாக இருக்கிறது. இங்கே மரங்கள் இரண்டு பக்கமும் மேலே சேர்ந்துவிட்டன, வெயில் விழுவதில்லை, பாறையிலிருந்து கசிகிற தண்ணீர் சாலையின் குறுக்கே மெல்லிசாக ஓடுகிறது, ஓரத்தில் பாசி. மூன்று நாள் மழையில்லாவிட்டால் என்ன, மலை தன் தண்ணீரைத் தானே விட்டுக்கொள்ளும், இது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், கீழே காய்ந்த தெருவில் நின்று பேசும்போது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. அவள் வேகத்தைக் குறைத்துவிட்டாள். வளைவு இடதுபக்கம் திரும்புகிறது. சாய்கிறோம், கொஞ்சமாகத்தான், அந்தக் கொஞ்சத்தில் எனக்கு அடியில் இருந்தது இல்லாமல் போயிற்று. இருக்கை வலதுபக்கமாக நழுவியது, ஒரு சாண் இருக்குமா, மேசைமேல் வைத்த துணியை யாரோ சட்டென்று இழுத்ததுபோல, நான் முன்னால் போகிறேன், என் இடுப்பு வேறெங்கோ போகிறது. கத்தவில்லை. கத்த நேரமில்லை. அவள் பிரேக்கைத் தொடவில்லை, ஆக்சிலேட்டரை மட்டும் விட்டாள், ஹேண்டில்பாரை நழுவுகிற பக்கமே துளி கொடுத்தாள், இடதுகால் ஒரு நொடி தரையை உரசி எழுந்தது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்துகொண்டது. என் வலதுபக்கத்தில் கைப்பிடிச்சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு அப்பால் மரங்களின் தலைகள் தெரிந்தன, மரங்களின் தலைகள் மட்டும்தான்.

போய்க்கொண்டிருக்கிறோம். அவள் நிறுத்தவில்லை. இப்போது நடந்ததா அது, அல்லது நான் நினைத்துக்கொண்டேனா. நடந்தது, பையைப் பிடித்திருக்கிற என் விரல்கள் வெளுத்திருக்கின்றன. எப்படிப் பிடித்தாள் பார், எவன் பிடித்திருப்பான் அப்படி, டீக்கடை பெஞ்சில் இருக்கிறவன் ஒருத்தன் பிடித்திருப்பானா, பிரேக்கை அழுத்தியிருப்பான், அழுத்தியிருந்தால் இந்நேரம் நாங்கள் அந்த மரங்களின் தலைமேல். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பயத்தில் அடிக்கிறதா பெருமையில் அடிக்கிறதா பிரிக்கமுடியவில்லை, இரண்டும் ஒரே இடத்தில்தான் அடிக்கின்றன. ஆனால் அவள் பிடித்தது ஒரு தடவை. டயர் அதே டயர்தான். அடுத்த வளைவு வருகிறது, அதுவும் நிழலில் இருக்கிறது. சொல்லவேண்டும். நிறுத்து என்று சொல்லவேண்டும். சொல் நாக்கில் இருக்கிறது, நாக்கு அசையமாட்டேன் என்கிறது, ஏனென்றால் இத்தனை வருஷத்தில் இந்தச் சீட்டில் உட்கார்ந்து நான் அவளிடம் நிறுத்து என்று சொன்னதில்லை, மெதுவாகப் போ என்று சொன்னதில்லை, பார்த்து என்றுகூடச் சொன்னதில்லை. மற்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவள் அண்ணன் சொன்னார், பொட்டப்புள்ளைக்குக் கியர் வண்டி எதுக்கு என்று. அவளுடைய அதிகாரி சொன்னார், மலைக்கு ஆம்பளை ஆளைப் போடலாம் என்று. முதல் வருஷம் மலையில்கூடச் சொன்னார்கள், இந்தம்மா விழுந்து வைக்கும் என்று. நான் மட்டும் சொல்லவில்லை. அதுதான் நான் அவளுக்குக் கொடுத்தது, வேறென்ன கொடுத்தேன், கொஞ்சம் துணி தைத்துக் கொடுத்தேன், அவளுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு வாயைத் திறந்தால் நானும் அவர்களோடு போய்ச் சேர்ந்துவிடுவேனா. வேறு ஏதாவது சொல்லி நிறுத்தலாம். ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லலாம். பை நழுவுகிறது என்று சொல்லலாம். சொல்லி, நிறுத்தி, பிறகு? மறுபடி ஏறவேண்டியதுதானே. பொய் சொல்லி நிறுத்தினால் டயரைப் பற்றிப் பேச முடியாது. பாய் சொன்னாரே, இது சொல்லாது என்று. டயர் சொல்லாது. நானும் சொல்லாவிட்டால்? இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் அது முதலில் தெரியும், அவளுக்கு முன்னால் எனக்குத் தெரியும், தெரிந்ததைச் சொல்லாமல் அவள் பின்னால் உட்கார்ந்திருப்பது என்ன மரியாதை.

"குமுதா, போதும்," என்றேன்.

ஹெல்மெட்டுக்குள் கேட்டிருக்காது என்று நினைத்து மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் வண்டி வேகம் குறைந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. வளைவுக்கு முன்னால் சாலை அகலமாக இருந்த இடத்தில், ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, பிரேக்கைப் பட்டும் படாமலும் பிடித்து நிறுத்தினாள். இறங்கினேன். அவளும் இறங்கி, ஸ்டாண்டைப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினாள், நெற்றியில் வியர்வை, அந்தக் குளிரில். இரண்டு பேரும் பின் டயரைப் பார்த்தோம். பட்டன் பட்டனாக, கறுப்பாக, நான் துடைத்துவைத்த பளபளப்போடு, கடையில் தொங்குகிற புது டயர் மாதிரி இருந்தது.

"உன்னைச் சொல்லல குமுதா," என்றேன். "நீ ஓட்டுனது... அந்த மாதிரி யாராலயும் முடியாது. டயரு சரியில்ல."

"தெரியும்."

"இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவை சொன்னதில்ல. மத்தவங்க மாதிரி நானும்..."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பழக்கமில்லாத அவள் முகம், நேராக.

"அவங்க சொன்னது நான் பொம்பளைன்னு," என்றாள். "நீங்க சொன்னது ரப்பரைப் பத்தி. அந்த வித்தியாசம்கூட எனக்குத் தெரியாதா?" பிறகு குனிந்து டயரின் மேல் உள்ளங்கையை வைத்தாள், சினை மாட்டின் வயிற்றில் வைப்பதுபோல, கொஞ்சநேரம் வைத்திருந்தாள். "எனக்கு ஓட்டத் தெரியும்கிறதுக்காக டயருக்குப் புடிக்கத் தெரியணும்னு இல்லையே. நேத்து பாய் சொன்னப்பவே விட்டிருக்கணும். ஜனங்க வெளிய வருவாங்கன்னு சின்னாண்டி சொன்னாரு பாருங்க, அது மனசுல புகுந்துடுச்சு."

"எனக்கும்தான்."

"தனியா வந்திருந்தா போயிருப்பேன்னு நினைக்கிறேன்," என்றாள். "போய்ச் சேர்ந்தும் இருப்பேன், ஒருவேளை." அதைச் சொல்லிவிட்டுத் தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டாள். ஒருவேளை என்ற சொல் அவளுக்குப் பிடிக்காதது, மருந்து அளவு எழுதும்போதும் சினை பார்த்துச் சொல்லும்போதும் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

வண்டியைத் தள்ளிப் பிள்ளையார் கோயில் சுவரோரமாக நிறுத்திப் பூட்டினோம். பஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை. நான் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்தேன், அவள் நின்றாள். குரங்கு ஒன்று வந்து பையைப் பார்த்துவிட்டுப் போயிற்று. எனக்குள் என்னவோ இறங்காமல் நின்றது. அத்திவாசல் தெரு, வாசலில் ஜனங்கள், வண்டிச் சத்தம். வராத அந்தச் சத்தத்துக்காக அவர்கள் காத்திருப்பார்கள், பிறகு நாங்கள் ஒரு பஸ்ஸிலிருந்து, நெரிசலில், பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம், ஏம்மா வண்டி என்னாச்சு என்று கேட்பார்கள், வயசாயிடுச்சு அம்மாவுக்கு என்று எவனாவது மெதுவாகச் சொல்வான். அந்த ஆளை நான் அந்தச் சுவரில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன். வேன் சத்தம் கேட்டது. பால் வேன், பின்னால் காலிக் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன, காலைப் பாலைக் கீழே இறக்கிவிட்டுச் சாயங்காலப் பாலுக்கு மேலே போகிறது. டிரைவர் எங்களைப் பார்த்து நிறுத்தி, ஹெல்மெட்டைப் பார்த்து, பூட்டி நிற்கிற வண்டியைப் பார்த்தார்.

"வண்டி ரிப்பேராம்மா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகும். நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லப்பா. வண்டி நல்லா ஓடுது," என்றாள் குமுதா. "டயர் பழசு. இதுல மேல போறது சரியில்லன்னு விட்டுட்டோம்."

டிரைவர் தலையை வெளியே நீட்டி டயரைப் பார்த்தார். "புதுசாட்டம் இருக்குது?"

"இருக்கும். பார்வைக்கு."

அவர் அதை ஒத்துக்கொண்டதுபோலத் தலையாட்டி, கதவைத் திறந்துவிட்டார். பேர் காளியப்பன். திரும்பி வரும்போது வண்டியைக் கேன்களோடு படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டிக் கீழே கொண்டுபோய்விடலாம், நீங்க உருட்டவும் வேணாம் என்றார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் அவள், கதவோரம் நான், மடியில் பை. வேன் ஏறியது. அடுத்த வளைவு நிழலில் ஈரமாக இருந்தது, அதற்கடுத்ததும் ஈரம், நான் ஒவ்வொன்றையும் என் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், பார்க்கப் பார்க்க உள்ளே இருந்தது ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது. காளியப்பன் பேசிக்கொண்டே ஓட்டினார். முன்பெல்லாம் இந்த மலையில் வேனுக்கு வேலையே கிடையாதாம், வீட்டுக்குக் குடிக்கவே பால் காணாத மாடுகள், இப்போது ஒரு வேன் போதாமல் இன்னொன்று விடப்போகிறார்களாம். "யாரோ ஒரு அம்மா இருந்தாங்களாம், நான் வர்றதுக்கு முந்தி," என்றார். "அவங்க ஊசி போட்டுப் பொறந்த மாட்டு ஜாதிதானாம் இப்ப மலையில முக்கால்வாசி. இன்னைக்கு அவங்கதான் வர்றாங்க அத்திவாசலுக்கு. அதுக்குத்தான் நீங்களும் போறீங்களா?"

"ஆமாங்க," என்றாள் குமுதா.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்லிவிடலாமா, இவள்தான்யா அது என்று. அவள் முழங்கை என் விலாவில் லேசாக இடித்தது, சொல்லவேண்டாம் என்று. சொல்லவில்லை. பின்னால் கேன்கள் கணகணவென்று பேசிக்கொண்டு வந்தன, எனக்கிருந்த பெருமை எல்லாம் அந்தக் கேன்களுக்குப் போய்விட்டது, அந்தச் சத்தத்தை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

அத்திவாசல் முகப்பில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாலையின் இரண்டு ஓரத்திலும் ஜனங்கள், பெண்கள், கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர், எல்லோரும் கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் வேனை யார் பார்ப்பார்கள், தினம் வருகிற வேன். வழிவிட்டு நகர்ந்து மறுபடி சாலையைப் பார்த்தார்கள். காளியப்பன் கூட்டத்தைத் தாண்டிப் புதுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இறங்கினோம். குமுதா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள், புடவை மாற்ற இனி நேரமில்லை என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் பின்புறமாகவே நடந்துபோனாள், நான் பையோடு பின்னால் போனேன். முன்வரிசையில் சின்னாண்டி நின்றார். வெள்ளைச் சட்டை, புதுத் தலைப்பாகை, கையில் மாலை, காதைச் சாலைப்பக்கமாகத் திருப்பிக் கண்ணை இடுக்கிக்கொண்டு வண்டிச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார். குமுதா போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவளும் சாலையைப் பார்த்தாள்.

"யாரைங்க பார்க்கிறீங்க?" என்று கேட்டாள்.

"டாக்டரம்மாவை," என்றார் சின்னாண்டி, திரும்பாமலே. "எப்பவும் நேரத்துக்கு வந்துடுவாங்க. வந்துக்கிட்டே இருப்பாங்க."

"வரட்டும்," என்றாள் குமுதா. "நானும் பார்க்கணும்."

அந்தக் குரலுக்கு அவர் தலைப்பாகை முதலில் அசைந்தது. பிறகு மெதுவாக அவர் திரும்ப ஆரம்பித்தார், நான் ஓரடி தள்ளி, அவள் முகமும் அவர் முகமும் ஒன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டேன்.